உறக்கத்திலும் முறிவிலும் கெர்னல் பதிவைக் காப்பது: எந்த வழி நமக்கு ஒத்துவரும்?

சுங்கை சிப்புட் பட்டணத்தைத் தாண்டி, இருபுறமும் செம்பனை நிற்கும் சாலையில் உள்ள ஆலை ஒன்றின் எடைமேடைக் கணினியைச் சில ஆண்டுகளாக நான்தான் பராமரித்து வருகிறேன். குலை ஏற்றிய லாரியை உள்ளே வரும்போது ஒரு முறையும், கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு முறையும் எடைபோட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சீட்டில் அச்சிட்டுக் கொடுப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. ஆனால் அந்த ஒரு வேலை தடைப்பட்டால் சாலைவரை லாரிகள் வரிசை பிடிக்கும். பறித்த பழம் காத்துக் கிடக்கக் கிடக்க எண்ணெயில் கொழுப்பு அமிலமும் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு முன்பாகவே எடைமேடையின் கிராணி (எழுத்தர்) அழைத்து, "தம்பி, பெட்டி ராத்திரி தூங்கினது, இன்னும் எழும்பல. வெளிய ஆறு லாரி நிக்குது" என்றபோது, காலைப் பசியாறலை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

போய்ப் பார்த்தால், திரை இருண்டிருந்தது. முன்பக்க விளக்கு மட்டும் மெதுவாக மினுக்கிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி ஏற்றி, அதில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் பதிவுகளைத் திறந்தேன். முந்திய மாலை "உறக்கத்திற்குள் நுழைகிறேன்" என்ற பொருளில், இயங்குதளத்தின் மையமான கெர்னல் எழுதிய ஒரு வரி. அதற்கு அடுத்த வரி காலையில் நான் கணினியை ஏற்றிய நேரத்தினுடையது. இடையில் நடந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. அதே மாதத்தில் இது இன்னொரு முறை நடந்தது. அதற்கும் மேலாக, ஒரு பிற்பகலில் விழித்திருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே கணினி முறிந்து தானாக மறுதொடக்கம் ஆகியது. ஆகவே, கெர்னல் பேசும் கடைசி வார்த்தைகளை எங்கே அனுப்பி வைத்தால் அவை நம் கைக்கு வந்து சேரும் என்ற கேள்விக்கு ஒரு முடிவெடுக்க வேண்டி வந்தது. இருக்கும் வழிகளை ஒப்பிட்டு, எதை ஏன் எடுத்தேன், எதை ஏன் விட்டேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விழித்திருக்கும்போது முறிவது ஒரு வகை. உறங்கப் போகும்போதோ எழும்பும்போதோ உறைந்து நிற்பது வேறொரு வகை. முதல் வகையில் கெர்னலுக்குத் தான் சாகப்போவது தெரியும். அது 'பேனிக்' என்ற நிலைக்குள் போய், எஞ்சியிருக்கும் மூச்சில் காரணத்தை எழுத முயலும். இரண்டாவது வகையில் பெரும்பாலும் அதற்கு எதுவுமே தெரியாது. ஏதோ ஒரு சாதனத்தின் பதிலுக்காகக் காத்துக் காத்து அப்படியே நின்றுவிடும். ஒன்றுக்கு ஏற்ற மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்துவிட்டு, 'எல்லாம் செய்தும் பதிவு கிடைக்கவில்லை' என்று அலுத்துக்கொள்பவர்கள் பலர். முதல் இரண்டு வாரம் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

கெர்னல் சொல்வதெல்லாம் முதலில் நினைவகத்தில் வட்டமாகச் சுற்றி எழுதப்படும் ஒரு பஃபருக்குள் (தற்காலிகச் சேமிப்பிடம்) போய் விழுகிறது. அங்கிருந்துதான் திரை, சீரியல் போர்ட் போன்ற 'கன்சோல்'களுக்கு எடுத்துக் கொடுக்கப்படுகிறது. கணினி உறக்கத்திற்குப் போகும்போது, ஓடும் நிரல்களை உறைய வைத்த பிறகு, ஒவ்வொரு சாதனமாக அணைக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பாகவே, கெர்னல் எல்லாக் கன்சோல்களின் வாயையும் கட்டிவிடும். அதன் பிறகு வரும் செய்திகள் பஃபரில் மட்டும் சேரும். கணினி நலமாக எழுந்து சாதனங்கள் அனைத்தும் உயிர்பெற்ற பின்னரே அவை மொத்தமாக வெளியே வரும். எழும்பாமலே போனால், மின்சாரத்தை வெட்டிய நொடியில் பஃபரும் போய்விடும். எங்கள் பதிவில் இருந்த வெற்றிடத்துக்குக் காரணம் அதுதான்.

இதைக் குறை என்று சொல்வது எளிது. ஆனால் இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது. கன்சோலுக்கு அடியில் இருப்பதும் ஒரு சாதனம்தான். அதன் மின்சாரமோ கடிகாரத் துடிப்போ நிறுத்தப்பட்ட பிறகு, அதில் ஓர் எழுத்தை எழுதப் போனால், அந்த எழுத்தே கணினியை உறைய வைக்கக்கூடும். நோயைக் கண்டுபிடிக்க வைத்த கருவியே நோயாகிவிடும் என்பதால், இயல்பு நிலையில் கன்சோலை உறங்க வைப்பதே சரியானது என்பது என் கருத்து. வாயைக் கட்டும் முன் கெர்னல் திரையில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறது: பிழை தேட வேண்டுமானால் 'நோ கன்சோல் சஸ்பெண்ட்' (கன்சோலை உறங்க வைக்காதே) என்ற அளவுருவை, அதாவது கணினியை ஏற்றும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளைச் சொல்லை, பயன்படுத்துக என்று. உறைந்த கணினியின் திரையில் பலரும் கடைசியாகக் காணும் வரி இதுவே என்பதால், அதை மருந்துச் சீட்டு என்று எண்ணி, தொடக்க வரியில் சேர்த்துவிட்டு நிரந்தரமாக மறந்துவிடுகிறார்கள். அந்த வரி சொல்வது பிழை தேடும் நாளைப் பற்றி மட்டுமே.

அந்த அளவுருவையும் சீரியல் கம்பியையும் சேர்த்துப் பயன்படுத்துவதே நான் எடைபோட்ட முதல் வழி. சீரியல் கன்சோலிலும் பழைய எழுத்துத் திரையிலும் இது வேலை செய்யும் என்று கெர்னலின் ஆவணமே சொல்கிறது. மற்றவற்றுக்கு அது உறுதி தருவதில்லை. இதன் பலம், உறங்கும் வழியில் கடைசிப் படி வரைக்கும் செய்தி வெளியே வந்துகொண்டே இருக்கும் என்பது. பலவீனம் வேகம். நொடிக்கு 115200 பிட் வேகத்தில் ஓர் எழுத்துக்குப் பத்து பிட் போனால், நொடிக்கு 11520 எழுத்துகள்தான் போகும்; 80 எழுத்துள்ள ஒரு வரிக்கு ஏறக்குறைய 7 மில்லி நொடி. பழைய 9600 வேகத்தில் விட்டுவிட்டால் அதே வரிக்கு 83 மில்லி நொடி ஆகும். விரிவான பதிவைத் திறந்துவிட்டு 256 கிலோபைட் பஃபரை 115200 வேகத்தில் கொட்டச் சொன்னால் கிட்டத்தட்ட 23 நொடி பிடிக்கும். சீரியல் கன்சோலை எப்போதும் வளவளவென்று பேசவிட்டு, கணினி மந்தமாகிவிட்டது என்று புகார் சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

எங்களுக்கு இதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. எடைமேடைக் கணினியில் இருப்பது ஒரே ஒரு சீரியல் போர்ட்; அதில் எடைகாட்டி செருகப்பட்டிருக்கிறது. கன்சோலை அந்தப் போர்ட்டுக்குத் திருப்பினால், லாரியின் எடை வர வேண்டிய கம்பியில் கெர்னலின் புலம்பல் எடைகாட்டியை நோக்கிப் போகும். யூஎஸ்பியில் செருகும் சீரியல் மாற்றி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்த வேலைக்கு உதவாது. யூஎஸ்பி அமைப்பே உறக்கத்தில் சீக்கிரம் அடங்கிவிடும், முறிவு நேரத்திலும் அதை நம்ப முடியாது. ஆகவே ஆலை ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எடைகாட்டியைக் கழற்றிவிட்டு, குறுக்கிணைப்புச் சீரியல் கம்பியால் என் மடிக்கணினியை அங்கே இணைத்தேன். ஒவ்வொரு சாதனத்தையும் அணைக்கும்போதும் எழுப்பும்போதும் 'அழைக்கிறேன்' என்று ஒரு வரியும், முடிந்ததும் 'திரும்பியது, இத்தனை மைக்ரோ நொடி' என்று இன்னொரு வரியும் எழுதவைக்கும் வசதி கெர்னலில் உண்டு, அதையும் திறந்துவிட்டேன். பதினோராவது முறை உறங்க வைத்து எழுப்பியபோது கணினி நின்றது. மடிக்கணினியின் திரையில், வலையட்டையை எழுப்ப 'அழைக்கிறேன்' என்ற வரி இருந்தது. அதன் ஜோடி வரி வரவே இல்லை. ஒரு மாதம் ஊகித்துக்கொண்டிருந்ததை அந்த ஒற்றை வரி பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டது. வேலை முடிந்ததும் அளவுருவை எடுத்துவிட்டு, எடைகாட்டியைத் திரும்பச் செருகிவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

கம்பியே இல்லாதவர்களுக்கு இரண்டு சிறு வழிகள் உண்டு. உறக்கத்தின் படிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் முறை ஒன்று: நிரல்களை உறைய வைப்பதோடு நிறுத்து, சாதனங்களை அணைப்பதோடு நிறுத்து என்று கட்டளையிட்டால், கெர்னல் அந்தப் படிவரை போய், இயல்பாக 5 நொடி காத்துவிட்டுத் திரும்பி வரும். எந்தப் படியில் திரும்பி வரவில்லையோ அங்கே தேடலாம். மற்றொன்று, கடைசியாகத் தொட்ட சாதனத்தின் அடையாளத்தைக் கணினியின் கடிகாரச் சில்லுக்குள் எழுதி வைக்கும் தந்திரம். மின்சாரம் போனாலும் கடிகாரம் பேட்டரியில் ஓடும் என்பதால் தடயம் தப்பும். ஆனால் தேதியும் நேரமும் கன்னாபின்னாவென்று மாறிவிடும். சீட்டில் நேரம் அச்சிடும் எடைமேடையில் அதை நான் தொடக்கூட மாட்டேன்.

இரண்டாவது வழி நெட்கன்சோல்: கெர்னலின் செய்திகளை யூடிபி என்ற எளிய முறையில் பொட்டலங்களாக வலையில் அனுப்பி, இன்னொரு கணினியில் பெற்றுக்கொள்வது. கெர்னல் நிரலாளர் இங்கோ மோல்னார் 2001இல் தொடங்கிய வேலை இது. இயல்பாக 6665ஆம் போர்ட்டிலிருந்து 6666ஆம் போர்ட்டுக்குப் போகும். அமைப்பது எளிது, கம்பி புதிதாக இழுக்க வேண்டியதில்லை, வேகமும் சீரியலைவிடப் பல மடங்கு. விழித்திருக்கும்போது நேரும் முறிவுக்கு, அதிலும் ஒரே சுவிட்ச்சில் பல கணினிகள் இருக்கும் இடத்துக்கு, இது மிகப் பொருத்தம். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் கணினி அறைக்கு நான் இதைத்தான் அமைத்துக் கொடுத்தேன். ஆனால் உறக்கத்தில் வலையட்டையும் உறங்கிவிடுமே! கன்சோலை விழித்திருக்கச் சொன்னாலும் பேச வழி இல்லாமல் போகும். எங்கள் விஷயத்தில் குற்றவாளியே வலையட்டை என்பதால், திருடனையே சாட்சிக்கு அழைத்த கதையாகிவிடும். பொட்டலம் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை, செய்தி மறைகுறியாக்கப்படுவதும் இல்லை என்ற இரண்டையும் மறக்கக்கூடாது. இந்த வட்டாரத்துக்கென்று ஒரு குறிப்பும் உண்டு: பிற்பகல் இடி மின்னலில், கட்டடம் விட்டுக் கட்டடம் இழுத்த செப்புக் கம்பியில்தான் முதலில் அடி விழும். பதிவு வாங்கும் கணினி எடைமேடைக் குடிசையிலிருந்து தள்ளி அலுவலகத்தில் இருந்தால், புயல் நாளில் இரண்டும் ஒன்றாகப் போக வாய்ப்பு உண்டு.

மூன்றாவது பிஸ்டோர். எடைமேடைக் கணினியில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளத் தகுந்தது இது ஒன்றுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். 2011இல் கெர்னலுக்குள் வந்த இந்த ஏற்பாடு, முறிவு நேரத்தில் பஃபரின் கடைசிப் பகுதியை மறுதொடக்கத்திலும் அழியாத ஓரிடத்தில் எழுதி வைக்கிறது. கணினி மீண்டும் எழுந்ததும் அதைச் சாதாரணக் கோப்புகளாகக் காட்டுகிறது. எழுதும் இடம் இருவகை. ஒன்று, கணினியைத் தொடங்கி வைக்கும் மென்பொருளான யூஇஎஃப்ஐ பயன்படுத்தும் நிரந்தர நினைவகம். மின்சாரத்தை வெட்டினாலும் அது நிலைக்கும், ஆனால் இடம் மிகக் குறைவு. மற்றொன்று 'ராம்ஊப்ஸ்', அதாவது சாதாரண ராமில் ஒரு துண்டை ஒதுக்கி வைப்பது. இடம் தாராளம், ஆனால் சூடான மறுதொடக்கத்தில் மட்டுமே பிழைக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தால் ராமின் மின்சாரமும் போய், பதிவும் போய்விடும். இப்போது வரும் சிறு பெட்டிகள் பலவற்றில் தனி ரீசெட் பொத்தானே வைப்பதில்லை. பத்து வெள்ளி மிச்சம் பிடிக்க எடுத்துவிட்ட அந்தப் பொத்தானின் அருமை, உறைந்த கணினி முன்னால் நிற்கும்போதுதான் தெரிகிறது.

ராம்ஊப்ஸை முறிவு நேரப் பதிவுக்கு மட்டுமன்றி, ஒரு கன்சோலாகவும் வைக்கலாம். அப்போது எல்லாச் செய்தியும் உடனுக்குடன் அங்கே சேரும். ஆனால் கெர்னல் உறக்கத்தின்போது கன்சோல்களின் வாயைக் கட்டுகையில் இதையும் விட்டுவைப்பதில்லை. நினைவகம் விழித்துத்தான் இருக்கிறது, எழுதினால் ஆபத்தும் இல்லை. என்றாலும் விதி எல்லாருக்கும் ஒன்றாகிவிடுகிறது. ஆகவே உறக்கப் பிழையை ராம்ஊப்ஸில் பிடிக்க நினைத்தால் 'நோ கன்சோல் சஸ்பெண்ட்' அளவுருவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கும்போது ஆபத்தான சீரியல் கன்சோல் எதுவும் பட்டியலில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பி இணைக்க வழியில்லாத கணினியில், ரீசெட் பொத்தான் மட்டும் இருந்தால், என் முதல் தேர்வு இந்தக் கூட்டணிதான்.

யூஇஎஃப்ஐ வகைக்கு வேறு ஒரு நிபந்தனை. பேனிக்கோ கெர்னலே உணரும் வேறு முறிவோ நடந்தால்தான் அது எழுதும். சத்தமில்லாமல் உறைந்து நின்றால் எழுதாது. எனவே உறைவைப் பேனிக்காக மாற்ற வேண்டும். ஒரு சாதனம் உறங்கவோ எழும்பவோ அளவுக்கு மீறி நேரம் எடுத்தால் பேனிக் ஆக்கும் காவலன் கெர்னலைக் கட்டமைக்கும்போதே சேர்க்கக்கூடிய ஒரு வசதி. நானே கெர்னலைத் தொகுத்து அதைச் சேர்த்தேன். விழித்திருக்கும்போது நேரும் உறைவுகளுக்கும் இதுபோன்ற அமைப்புகள் உண்டு. பிறகு, பேனிக் ஆனால் பத்து நொடியில் மறுதொடக்கம் செய் என்ற அளவுருவையும் கொடுத்துவிட்டால், கிராணி யாரையும் அழைக்க வேண்டியதில்லை. கணினியே எழுந்து, தான் ஏன் விழுந்தது என்ற குறிப்போடு நிற்கும். ஒரு முறிவுக்கு இயல்பாகச் சேமிக்கப்படுவது 10240 பைட்தான் என்றாலும், முறிவின் அழைப்புத் தொடரை, அதாவது எந்தப் பகுதி எதை அழைத்தபோது விழுந்தது என்பதை, படிக்க அது போதும். பழைய பதிவுகளை அவ்வப்போது எடுத்து வைத்துவிட்டு இடத்தைக் காலி செய்ய வேண்டும். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள கணினியில் அதற்கான சேவை இதைத் தானே செய்யும். சில இடங்களில் யூஇஎஃப்ஐ வகை அணைத்தே வைக்கப்பட்டிருக்கும் என்பதால், திறந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

நான்காவது கேடம்ப். 2005இல் கெர்னலுக்கு வந்த இந்த வழியில், ஒரு சிறு இரண்டாம் கெர்னல் முன்கூட்டியே ஒதுக்கிய நினைவகத்தில் தயாராகக் காத்திருக்கும். முதல் கெர்னல் விழுந்ததும் அது எழுந்து, செத்ததன் முழு நினைவகத்தையும் வட்டில் எழுதும். ஆழமாக ஆராய இதற்கு நிகரில்லை. ஆனால் 4 ஜிகாபைட் ராம் உள்ள எடைமேடைக் கணினியில் 256 மெகாபைட்டை எப்போதும் சும்மா ஒதுக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தோடு, எழுதப்படும் கோப்பில் அந்நேரம் நினைவகத்தில் இருந்த எல்லாமும் இருக்கும். சம்பளப் பட்டியல் ஓடும் அலுவலக சர்வரில் அந்தக் கோப்பை யாரிடம் கொடுக்கிறோம் என்பது தனிக் கவலை. கேடம்பும் பிஸ்டோரும் இரண்டும் வேண்டும் என்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: பேனிக் வந்ததும் கெர்னல் முதலில் கேடம்புக்குத் தாவிவிடும், பிஸ்டோர் எழுத வாய்ப்பே கிடைக்காது. முறிவு அறிவிப்புகளையும் பதிவையும் முடித்துவிட்டுத் தாவு என்று தனி அளவுரு கொடுத்தால்தான் இரண்டும் கிடைக்கும்; அதற்கு விலை, காயம்பட்ட கெர்னலை இன்னும் சற்று நேரம் நம்புவது.

புதிய கெர்னல்களில் இந்தக் களமே மாறி வருகிறது. பஃபரை, ஒருவர் எழுதும்போது மற்றவர் காத்திருக்க வேண்டாத பூட்டில்லாத அமைப்பாக 2020இன் 5.10 பதிப்பில் மாற்றினார்கள். கெர்னல் நிரலாளர் ஜான் ஆக்னஸ் முன்னின்று செய்துவரும் வேலையில், அமைதியான நேரத்தில் பின்னணியில் ஓடும் ஒரு தனி இழை நிதானமாக அச்சிடும், முறிவு நேரத்தில் முறிவைச் சந்தித்த சிபியுவே நேரடியாக எழுதும் என்று கன்சோல் இயக்கிகள் இரு முறைகளைப் பெறுகின்றன. குறித்த நேரத்துக்குள் பதில் தரும் நிகழ்நேரக் கெர்னல் 2024இல் 6.12 பதிப்பில் முழுதாக இணைவதற்குக் கடைசித் தடையாக இருந்ததும் இந்த அச்சிடும் பகுதியே. வரைகலைத் திரையிலேயே பேனிக் செய்தியைக் காட்டும் வசதி அதே ஆண்டின் 6.10இல் வந்தது, பின்னர் அதைக் கியூஆர் குறியாகவும் காட்ட முடிந்தது. எடைமேடையில் இரவு யாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

கடைசியாக ஒரு வழி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி: அந்தக் கணினி உறங்கத்தான் வேண்டுமா? சும்மா இருக்கும்போது 20 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 12 மணி நேர இரவுக்கு 0.24 யூனிட், ஒரு கோப்பை தே தாரிக் விலைக்குப் பல இரவுகள் ஓடும். இதை ஆலை நிர்வாகியிடம் சொன்னபோது, "அப்ப அணைச்சிட்டுப் போகலாமே" என்றார். அதுவும் சரிதான், ஆனால் இடியில் மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில், காலையில் குளிர்ந்த நிலையிலிருந்து ஏற்றும்போது வட்டு மக்கர் செய்த அனுபவம் கிராணிக்கு இருந்தது, அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஓடட்டும் தம்பி, தூங்க மட்டும் வேணாம்" என்றார். "சரிண்ணே" என்றேன்.

இப்போது எடைமேடைக் கணினியில் இரவு உறக்கம் அணைக்கப்பட்டிருக்கிறது. கன்சோல் உறக்கம் கெர்னலின் இயல்பு நிலையிலேயே விடப்பட்டிருக்கிறது. யூஇஎஃப்ஐ பிஸ்டோர் திறந்திருக்கிறது, பேனிக் ஆனால் பத்து நொடியில் மறுதொடக்கம். பிற்பகல் முறிவு அதன் பிறகு ஒரு முறை வந்தது. இரண்டு சிறு கோப்புகளை விட்டுச் சென்றது, அதிலும் வலையட்டை இயக்கியின் பெயரே இருந்தது. அட்டையை மாற்றியாயிற்று. அலுவலக சர்வரில் மட்டும் கேடம்ப் இருக்கிறது. அதன் கோப்புகள் நிர்வாகியின் அனுமதி இல்லாமல் அறையைவிட்டு வெளியே போவதில்லை. குறுக்கிணைப்புக் கம்பி என் மோட்டார் சைக்கிள் பெட்டியில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. எடைமேடை மேசையின் இழுப்பறையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: பெட்டி நின்றால் பொத்தானை அழுத்திப் பிடிக்கும் முன் ஒரு நிமிடம் பொறுக்கவும், மணி எத்தனை என்று எழுதி வைக்கவும். கிராணி அதன் கீழே தன் கையெழுத்தில், லாரி எத்தனை நின்றது என்றும் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறார்.